கப்பல் நின்றதற்கான காரணம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு கடலைப் பொட்டலமாக வந்து சேர்ந்தது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர் டன்லப் ஸ்திரீட் காப்பிக் கடையில் என்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம் கிடையாது. காலாங் ஆற்று முதலை ஒன்று எனக்கு வழிவிட்டு ஒதுங்கிய சம்பவத்தையும், ஜப்பான்காரன் காலத்தில் ஒரே முட்டையை நாங்கள் ஏழு பேர் பதினோரு நாள் வைத்துச் சாப்பிட்ட சம்பவத்தையும் அங்கே விவரமாகச் சொல்லியிருக்கிறேன். யாரும் நம்பவில்லை. எனக்கு வருத்தமும் இல்லை. ஆனால் இந்தக் கதையில் ஒரு மனிதர் இறந்துபோகிறார். அந்த இடத்தில் நான் பொய் சொல்லமாட்டேன். மற்ற இடங்களுக்கு உத்தரவாதம் தருவதற்கில்லை.

1985இல் படம் பார்க்கப் போனபோது, தியேட்டர் வாசலில் கச்சாங் பூத்தே என்ற வறுகடலை விற்கும் சேதுபதியிடம் ஒரு பொட்டலம் வாங்கினேன். பழைய டெலிபோன் புத்தகத் தாளில்தான் அவர் கூம்பு சுற்றுவார். அன்று பழைய பேப்பர் வாங்கி விற்கும் காராங்குனிக்காரரிடமிருந்து புதுக்கட்டு வந்திருக்க வேண்டும். இடைவேளையில் கடலையைத் தின்று முடித்துத் தாளைப் பிரித்தேன். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த கார்பன் நகல். ஓர் ஒப்பந்தத்தின் ஏழாம் பிரிவு. தமிழில் இப்படி வரும்:

"கப்பல் சிங்கப்பூர்க் கடற்பரப்பிலோ திறந்த கடலிலோ இருக்கும்போது மட்டுமே மருத்துவர் வானொலித் தொலைபேசி வழியாக ஆலோசனை வழங்குவார். வேறொரு நாட்டின் கடற்பரப்புக்குள் கப்பல் இருக்கையில் வழங்கலாகாது."

வெளியே போய் இன்னும் ஆறு பொட்டலம் வாங்கினேன். ஐந்தாவதில் அதே ஒப்பந்தத்தோடு சேர்ந்த ஒரு படிவம் இருந்தது. கப்பலின் பெயர், இடம், அழைப்பு வந்த நேரம், டாக்டர் பேசிய நேரம் எல்லாம் பூர்த்தியாகியிருந்தன. கடைசிக் கட்டத்தில், "கப்பல் நின்றிருந்தால், காரணம்". அதற்கு அப்புறம் கூம்பின் நுனி. நுனியைச் சேதுபதி எப்போதும் முறுக்கிக் கிழித்துவிடுவார்.

(இடைவேளைக்குப் பிறகு அந்தப் படத்தின் கதாநாயகன் என்ன ஆனான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.)

2

தொடக்கம் ஒன்று:

1981ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, கூச்சிங்கிலிருந்து மரக்கட்டை ஏற்றிக்கொண்டு வந்த செலாத்தான் ஸ்டார் என்ற கப்பலில், எஞ்சினுக்கு எண்ணெய் போடும் தனசேகரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு—

வேண்டாம். நான் அந்தக் கப்பலில் இல்லை. அந்த வயிறும் என்னுடையதில்லை.

தொடக்கம் இரண்டு:

சட்டம் என்பது—

இப்படி ஆரம்பிக்கும் கதையை நானே படிக்கமாட்டேன்.

தொடக்கம் மூன்று, இதுவே இருக்கட்டும்:

வழக்கறிஞர் அலெக்சாண்டரின் அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்த சவரிராஜ், எந்தத் தாளிலும் வெற்றிடம் விட்டதில்லை. ஒரு பக்கம் பாதியில் முடிந்துபோனால், மீதிப் பாதியில் ரூல்தடி வைத்து மூலைக்கு மூலை ஒரு கோடு போடுவார். பின்னால் யாரும் எதையும் நுழைத்துவிடக் கூடாது. சட்ட அலுவலகங்களில் இது எல்லாரும் செய்வதுதான். சவரிராஜ் கொஞ்சம் கூடுதலாகச் செய்வார். ஓபிர் ரோடு மாதா கோயிலில் நன்கொடைச் சீட்டு எழுதினாலும் கோடு போடுவார். பிறந்தநாள் வாழ்த்து அட்டையிலும் போட்டிருக்கிறார் என்று அவர் மனைவி அற்புதமேரி என்னிடம் சொன்னார். அதை நான் நம்புகிறேன்.

அவரைக் கண்டுபிடித்ததும் இப்படிப்பட்ட ஒரு பழக்கத்தால்தான். சட்டத் தாள்களின் அடியில் வழக்கறிஞரின் முதலெழுத்துகளும், ஒரு சாய்கோட்டுக்குப் பின் தட்டச்சு செய்தவரின் முதலெழுத்துகளும் இருக்கும். அந்தச் சின்ன எழுத்துகளைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆண்டு அலைந்தேன். புக்கிட் பாஞ்சாங் அடுக்குமாடி வீட்டில் ஓய்வாக இருந்தவர், நான் நீட்டிய தாளை மோந்து பார்த்தார்.

"கடலை வாசம் அடிக்குது," என்றார்.

பிறகுதான் உட்காரச் சொன்னார். இனி வருவது அவர் சொன்னது. நடுநடுவே நான் மூக்கை நுழைப்பேன்.

3

டாக்டர் வேலாயுதத்துக்கு ரேஸ் கோர்ஸ் ரோட்டில் கிளினிக். ஒரு கப்பல் முகவர் நிறுவனம் அவரிடம் வந்து, தங்கள் கப்பல்களில் டாக்டர் கிடையாது, நடுக்கடலில் யாராவது நோயில் விழுந்தால் வானொலித் தொலைபேசியில் கூப்பிடுவோம், என்ன செய்வது என்று சொல்ல முடியுமா என்று கேட்டது. டாக்டர் உடனே சரி என்றார். எழுத்தில் வேண்டும் என்றது நிறுவனம். அப்படித்தான் விஷயம் அலெக்சாண்டரின் மேசைக்கு வந்தது.

அலெக்சாண்டர் நல்ல வழக்கறிஞர். நல்ல வழக்கறிஞர்களுக்கு இருக்கும் வியாதி அவருக்கும் இருந்தது. ஒரு கேள்வி கேட்டார்: டாக்டர் சிங்கப்பூரில் பேசுகிறார், நோயாளி கடலில் படுத்திருக்கிறார், அப்படியானால் வைத்தியம் எங்கே நடக்கிறது?

சவரிராஜுக்கு அந்தக் கேள்வி மிகவும் பிடித்துப்போயிற்று. ஒரு வாரம் அதோடுதான் பஸ் ஏறினார், இறங்கினார்.

அலெக்சாண்டர் விளக்கியதை அவர் எனக்கு இப்படிச் சொன்னார். ஆங்கிலேயரிடமிருந்து வந்த நம் சட்டம், இந்த டாக்டர் இந்த நோயாளியைத் தன் பொறுப்பில் ஏற்றுக்கொண்டாரா என்று முதலில் பார்க்கும். ஏற்றுக்கொண்டால் கவனமாக நடக்கும் கடமை வந்துவிடும், காகிதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். மலேசியச் சட்டமும் அதே வயிற்றில் பிறந்ததுதான், ஆனால் அவர்களுடைய டாக்டர் பதிவேடு வேறு. நம் பதிவேட்டில் இருக்கும் பெயர் அதில் இருக்காது. இந்தோனேசியாவுக்கு டச்சுக்காரன் விட்டுப்போன சட்டப் புத்தகம். அது முதலில் அனுமதிச் சீட்டு எங்கே என்றுதான் கேட்கும். கப்பலிலோ பனாமாக் கொடி பறக்கிறது. திறந்த கடலில் அந்த இரும்புக்குள் இருப்பது பனாமாவின் சட்டம். அங்கே எல்லாவற்றுக்கும் கேப்டன் பொறுப்பு.

(அடிக்குறிப்பு போல ஒன்று. சட்டம் படித்தவர்கள் இந்தப் பத்தியைப் படித்துவிட்டு எனக்குக் கடிதம் எழுதலாம். ஒரு வழக்கறிஞர் சொன்னதை ஒரு குமாஸ்தா நினைவில் வைத்து ஒரு கதைக்காரனிடம் சொன்னது இது. வழியில் கொஞ்சம் கொட்டியிருக்கும்.)

சிங்கப்பூர் நீரிணையின் கிழக்கு வாய்க்குள் நுழையும் கப்பலுக்கு ஒரு பக்கம் மலேசியா, மறுபக்கம் இந்தோனேசியா, முன்னால் சிங்கப்பூர், உள்ளே பனாமா. டாக்டரின் பெயர் எந்த நாட்டிலும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் அலெக்சாண்டர் ஏழாம் பிரிவை எழுதினார். முதல் மூன்று மாதம் அழைப்பு நேராக டாக்டருக்குப் போகவேண்டாம், முதலில் எங்களிடம் வரட்டும், கப்பல் எந்தக் கடலில் இருக்கிறது என்று சரிபார்த்துவிட்டு இணைப்போம் என்ற யோசனை சவரிராஜுடையது. படிவம் தயாரித்ததும் அவரே. சுவரில் ஒரு கடல் வரைபடம் மாட்டி, சிவப்புத் தலை வைத்த குண்டூசி ஒன்றையும் வாங்கி வைத்தார்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும், பிறகு சொன்னால் சூழ்ச்சி போலத் தெரியும். நடுக்கடலில் நோயில் கிடப்பவனோடு ஒரு டாக்டர் பேசக் கூடாது என்று எந்த நாட்டுப் புத்தகத்தில் இருக்கிறது என்று சவரிராஜ் பிற்பாடு தேடினார். ஓய்வு பெறும்வரை தேடினார். அவர் பார்த்த புத்தகம் எதிலும் இல்லை. ஏழாம் பிரிவில் மட்டும்தான் இருந்தது.

4

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு முதல் அழைப்பு வந்தது. அலெக்சாண்டர் நீதிமன்றத்தில் இருந்தார். டாக்டர் வேலாயுதம் ஜூரோங்கில் ஏதோ தொழிற்சாலையில் ஆட்களைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். எந்தத் தொழிற்சாலை என்று கிளினிக் தாதி மைமூனுக்கே சரியாகத் தெரியவில்லை. ஒவ்வொன்றாகப் போன் போட்டுப் பார்க்கிறேன் என்றார்.

கப்பலிலிருந்து பேசியவர் வயர்லெஸ் அதிகாரி அப்துல் அஜீஸ். நோயாளியின் பெயர் தனசேகரன், வயது முப்பத்து நாலு, செம்பவாங்கில் வீடு, முன்பு அங்கேயே கப்பல் பட்டறையில் வேலை. முந்தின நாள் மாலையிலிருந்து வயிற்று வலி. தொப்புளைச் சுற்றி ஆரம்பித்தது வலது பக்கம் கீழே இறங்கிவிட்டது. வாந்தி. சவரிராஜ் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு கப்பல் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

"திறந்த கடல்லதான் இருக்கோம், அண்ணே. இன்னும் அரை மணி நேரத்துல உள்ள நுழைஞ்சிடுவோம். துறைமுகத்துக்கு அஞ்சு மணி நேர ஓட்டம். கேப்டன் கேக்கச் சொல்றாரு. போகட்டுமா, என்ன செய்யட்டும்?"

சவரிராஜ் வரைபடத்தைப் பார்த்தார். சிவப்புக் குண்டூசி, பக்கத்து நாட்டுக் கடல் தொடங்கும் கோட்டுக்கு வெளியே இருந்தது. அரை மணி நேரத்தில் அது கோட்டைத் தாண்டும். தாண்டிவிட்டால், சிங்கப்பூர்க் கடலுக்கு வந்து சேரும்வரை டாக்டர் அந்த மனிதரோடு பேச முடியாது. அவ்வளவு நேரம் ஒரு நோயாளியை டாக்டர் இல்லாமல் விடுவதா?

"உள்ள வந்துட்டா டாக்டரால பேச முடியாது, தம்பி. அங்கேயே நில்லுங்க. டாக்டர் கிடைச்சதும் கூப்பிடுறேன்."

கேப்டனுக்கு அது வசதியாக இருந்தது. கரையிலிருந்து ஒருவர் சொல்லிவிட்டார், இனி பொறுப்பு கரையுடையது. கப்பல் நின்றது.

5

இந்த இடத்தில் எனக்கு சவரிராஜ் மீது சந்தேகம் வந்தது. ஒரு மனிதன் இப்படிச் செய்வானா? முதல் பிரதியில் அவரைப் பயந்தாங்கொள்ளியாக எழுதினேன். பொருந்தவில்லை. அவர் பயப்படவில்லை. இரண்டாவதில் அவரை மந்தமானவராக்கினேன். அலுவலகத்திலேயே கூர்மையான ஆள் அவர்தான். மூன்றாவதில் தனசேகரனை அவருடைய தங்கை வீட்டுக்காரர் ஆக்கி, அது தெரியாமலே அவர் கப்பலை நிறுத்துவதாக எழுதினேன். எழுதி முடித்தபோது பின்னணியில் வயலின் கேட்டது. கிழித்துப் போட்டேன்.

உண்மை எளிமையானது, அதனாலேயே எழுதக் கஷ்டமானது. போனை வைத்தபோது சவரிராஜுக்கு மனநிறைவாக இருந்தது. ஒரு நோயாளியையும் ஒரு டாக்டரையும் நாலு நாட்டுச் சட்டத்தையும் ஒரே சமயத்தில் காப்பாற்றிவிட்டதாக நினைத்தார். இருபத்தேழு வருடம் காகிதத்தோடு வாழ்ந்தவருக்குப் பேசுவதுதான் வைத்தியமாகத் தெரிந்தது. பேச்சுக்கு இடம் வேண்டும். இடம் நகரக் கூடாது.

6

பன்னிரண்டு மணிக்கு மங்களம் வந்தார். தனசேகரனின் மனைவி. கப்பல் செய்தி இங்கேதான் வரும் என்று முகவர் நிறுவனத்தில் சொல்லியிருந்தார்கள். செம்பவாங்கிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, மின்விசிறிக்குக் கீழே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். சவரிராஜ் மைலோ வாங்கிக் கொடுத்தார். கவலைப்பட வேண்டாம், டாக்டரைத் தேடிக்கொண்டிருக்கிறோம், கப்பலைச் சரியான இடத்தில் நிறுத்தி வைத்திருக்கிறோம் என்றார். வரைபடத்தையும் குண்டூசியையும் காட்டி ஏழாம் பிரிவைத் தமிழில் சொன்னார். நன்றாகவே சொல்லியிருப்பார்.

மங்களம் குண்டூசியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அங்க நிக்கிற நேரத்துக்கு இங்க வந்துட்டா, டாக்டரை நேராவே பாத்துடலாமே, அண்ணே?"

சவரிராஜ் எழுந்து போய் ரிசீவரை எடுத்தார். கப்பலைக் கிளம்பச் சொன்னால், பாதி வழியில் டாக்டர் கிடைத்து, ஏழாம் பிரிவுக்குள் மாட்டிக்கொண்டு பேச முடியாமல் போனால்? பிரிவை மாற்ற அலெக்சாண்டரின் கையெழுத்து வேண்டும். அலெக்சாண்டர் மூன்று மணிக்குத்தான் வருவார்.

ரிசீவரைத் திரும்ப வைத்தார்.

"சட்டம்னா சரிதான்," என்றார் மங்களம், அவரைச் சமாதானப்படுத்துவதுபோல.

(அந்த ரிசீவரை இன்னொரு தடவை எடுக்க வைக்க நான் எத்தனையோ பிரதியில் முயன்றேன். எடுத்தார். வைத்தார். முதலையை ஒதுங்க வைத்தவனால் இதைச் செய்ய முடியவில்லை.)

7

இரண்டு மணிக்கு டாக்டர் கிளினிக்குக்கு வந்துவிட்டதாக மைமூன் போன் செய்தார். சவரிராஜ் கரை வானொலி நிலையத்தைக் கூப்பிட்டு, கப்பலைக் கிளினிக் போனோடு இணைக்கச் சொல்லிவிட்டு, மங்களத்தையும் கூட்டிக்கொண்டு டாக்சியில் போனார். நேரம் குறிக்க வேண்டுமே, படிவமும் கையில்.

அவர்கள் உள்ளே நுழைந்தபோது டாக்டர் பேச ஆரம்பித்திருந்தார். தனசேகரனை வயர்லெஸ் அறைக்கே தூக்கி வந்து படுக்க வைத்திருந்தார்கள். இரைச்சலுக்கு நடுவே அஜீஸ் கத்திப் பேசிய குரல் ரிசீவரைத் தாண்டி அறை முழுக்கக் கேட்டது.

"அஜீஸ், என் கை அங்க வராது. உங்க கைதான் என் கை," என்றார் டாக்டர். "வலது பக்கம் கீழ மெதுவா அழுத்துங்க. அழுத்திட்டுச் சட்டுனு எடுங்க. எப்ப வலிக்குது, அழுத்தும்போதா, எடுக்கும்போதா?"

கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல்.

"எடுக்கும்போது, டாக்டர். வயிறு முழுக்கப் பலகை மாதிரி இருக்கு. ஆனா அந்தப் பழைய வலி குறைஞ்சிருச்சுங்கிறாரு. ஒரு மணி வரைக்கும் துடிச்சாரு, இப்ப அமைதியாத்தான் இருக்காரு."

மங்களம் கைகூப்பினார். மைமூன் அவர் பக்கம் திரும்பாமல் சுவரைப் பார்த்தார். டாக்டர் கண்ணை மூடித் திறந்தார். குடல்வால் அழற்சியில் வலி திடீரென்று அடங்குவது குடல்வால் வெடித்துவிட்டதன் அடையாளம், நல்ல செய்தி இல்லை என்று அந்த அறையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

"கப்பல் எவ்வளவு தூரம் வந்திருக்கு?"

"வரல டாக்டர். பத்து மணியிலேருந்து நிக்குது."

"ஏன் நிக்குது?"

"நிக்கச் சொன்னாங்க."

டாக்டர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை என்று சவரிராஜ் என்னிடம் சொன்னார். "கிளப்புங்க. இப்பவே. தண்ணிகூடக் கொடுக்காதீங்க. வழியெல்லாம் நான் பேசிக்கிட்டே வரேன்."

பேசிக்கொண்டே வந்தார். ஐந்து மணி நேரம். கப்பல் கோட்டைத் தாண்டியது. டாக்டர் நாடி பார்க்கச் சொன்னார், காய்ச்சல் எவ்வளவு என்று கேட்டார், தலைமாட்டை உயர்த்தி வைக்கச் சொன்னார். மலேசியா ஒன்றும் சொல்லவில்லை. இந்தோனேசியா ஒன்றும் சொல்லவில்லை. பனாமா எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. நடுவில் ஒரு முறை மங்களத்திடம் ரிசீவரைக் கொடுத்தார். மங்களம் கணவரிடம் என்ன பேசினார் என்று சவரிராஜ் சொன்னார். அதை நான் எழுதமாட்டேன்.

ஏழு மணிக்கு ஆம்புலன்ஸ் துறைமுகத்தில் நின்றது. அன்றே அறுவை சிகிச்சை நடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை தனசேகரன் இறந்துபோனார்.

பொய் சொல்லமாட்டேன் என்று சொன்ன இடம் இதுதான்.

நாலு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று சவரிராஜ் டாக்டரிடம் கேட்டார். டாக்டர் பொய்யாவது சொல்லியிருக்கலாம். "தெரியல, சவரி," என்றார். "தெரியவே தெரியாது."

8

படிவத்தின் கடைசிக் கட்டம் மட்டும் பாக்கி இருந்தது.

கேப்டன் ஏற்கெனவே ஒரு வார்த்தை அனுப்பியிருந்தார்: எஞ்சின் கோளாறு. முகவர் நிறுவனத்துக்கு அது சம்மதம். அலெக்சாண்டர் ஒன்றும் சொல்லவில்லை. படிவத்தைச் சவரிராஜின் மேசையில் வைத்துவிட்டு நீதிமன்றத்துக்குப் போனார். அவர் அப்படி ஒன்றும் சொல்லாமல் போனது அந்த ஒரு நாள்தான்.

எஞ்சின் கோளாறு என்று போட்டால் யாருக்கும் கெடுதல் இல்லை. டாக்டருக்கு இல்லை, அலெக்சாண்டருக்கு இல்லை, சவரிராஜுக்கு இல்லை. ஆனால் எஞ்சினுக்கு எண்ணெய் போட்டவர் தனசேகரன். தன்னைக் காப்பாற்ற வந்துகொண்டிருந்த கப்பலைத் தானே நிறுத்தினார் என்று காகிதத்தில் ஆகிவிடும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து மங்களம் வந்தார். அதே பெஞ்ச். படிவத்தின் நகல் ஒன்று தனக்கு வேண்டும் என்றார். மாமியார் கேட்டுக்கொண்டே இருக்கிறாராம், துறைமுகம் பக்கத்தில் இருக்கும்போது கப்பல் ஏன் நின்றது என்று.

"நீங்க அன்னைக்கு எங்கிட்ட சொன்னீங்கல்ல, அதத்தான போட்டிருக்கீங்க, அண்ணே?"

இன்னும் போடவில்லை என்றார் சவரிராஜ். போட்டுவிட்டுத் தருகிறேன் என்றார். பேனாவை எடுத்தார்.

9

இங்கே மூன்று முடிவுகள் இருக்கின்றன.

ஒன்று. "எஞ்சின் கோளாறு" என்று எழுதி நகலைக் கொடுக்கிறார். மங்களத்துக்கு அந்த அளவுக்கு ஆங்கிலம் தெரியும். படிக்கிறார், மடித்துப் பைக்குள் வைக்கிறார், வரேன் அண்ணே என்கிறார். இதுதான் நடக்கக் கூடியது. அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டு. "ஏழாம் பிரிவின்படி, என் சொல்லின் பேரில்" என்று எழுதித் தன் முழுப் பெயரையும் போடுகிறார். வேலை போகிறது, டாக்டரின் பெயர் விசாரணைக்குப் போகிறது, ஏழாம் பிரிவு அடிக்கப்படுகிறது, அடுத்த கப்பல் நிற்காமல் வருகிறது. படிக்க நன்றாக இருக்கிறது. நன்றாக இருப்பதால் என் பொய்களில் ஒன்று போலவும் இருக்கிறது.

மூன்று. ரூல்தடியை எடுத்து, அந்தக் கட்டத்தில் மூலைக்கு மூலை ஒரு கோடு—

இல்லை. இதை நான் தாங்கமாட்டேன்.

எதை எழுதினார் என்று புக்கிட் பாஞ்சாங்கில் அவரிடமே கேட்டேன். அற்புதமேரி சமையலறையில் பாத்திரம் கழுவுவதை நிறுத்தியது கேட்டது. அவரும் இத்தனை வருடமாகக் கேட்டிருப்பார் போலிருக்கிறது. சவரிராஜ் கிழிந்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் கையில் கொடுத்தார்.

"நீங்க கதை எழுதுற ஆளு. நீங்களா இருந்தா என்ன போட்டிருப்பீங்க?"

ஒரு முட்டையைப் பதினோரு நாள் வைத்துச் சாப்பிட்டவனுக்கு அந்த இடத்தில் ஒன்றும் வாயில் வரவில்லை. பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். அப்புறம் ஒரு வருடத்தில் அவரும் போய்விட்டார்.

ஆகவே, வாசகரே. நான் இங்கே டன்லப் ஸ்திரீட்டில் இருக்கிறேன். நீங்கள் எங்கே, எந்த நாட்டுச் சட்டத்துக்குள் உட்கார்ந்து இதைப் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. சரிபார்க்க என்னிடம் வரைபடமும் இல்லை. பெஞ்சில் மங்களம் இன்னும் உட்கார்ந்திருக்கிறார். என் கை அங்கே வராது. உங்கள் கைதான் என் கை. கீழே இருக்கும் இடத்தில் மெதுவாக அழுத்துங்கள். எடுக்கும்போது எங்கே வலிக்கிறதென்று பாருங்கள். பிறகு எழுதுங்கள்.

கப்பல் நின்றிருந்தால், காரணம்: